தொடர்புக்கு: எப்சிபா

சித்தூரிலிருந்து குடிபாலாவுக்குப் போகும் சாலையில், வேலூர் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலை இருக்கிறது. கோடையில் தோத்தாபுரி மாங்காய் டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கும். கூழாகி, டிரம்மில் அடைபட்டு, லாரி ஏறிப் போகும். எப்சிபா அங்கே டிஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்தாள். டிஸ்பாட்ச் பிரிவு என்பது அவளும் ஒரு மேசையும் ஒரு பிரிண்டரும். எங்கள் மிஷன் கோயில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடிக்கொண்டிருந்தவள் என்பதால் எனக்கு அவளைத் தெரியும். அதிகம் பேசமாட்டாள். பி.காம். கம்ப்யூட்டர்ஸ் படித்திருந்தாள். அந்த ‘கம்ப்யூட்டர்ஸ்’தான் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம்.

தொழிற்சாலையின் பெரிய வாடிக்கை நாயுடுபேட்டையில் உள்ள ஒரு ஜூஸ் கம்பெனி. ஒரு நாள் அந்தக் கம்பெனியிலிருந்து தடிமனான ஓர் அறிவிப்பு வந்தது. இனி லாரி புறப்படும்போதே அதில் என்ன சரக்கு, எந்தத் தொகுதி, எத்தனை டிரம் என்ற விவரம் ஒரு ஃபைலாக அவர்களுடைய சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஃபைல் வராத லாரிக்குக் கேட் திறக்காது. எப்படி அனுப்புவது என்பதற்கான செட்டிங்ஸ் உள்ளே இருக்கிறது.

முதலாளி முனிரத்தினம் நாயுடு அதை முழுவதும் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு எப்சிபாவைக் கூப்பிட்டார்.

“ஏமம்மா, நீ கம்ப்யூட்டர்ஸ்தானே?”

“பி.காம். சார்.”

“பி.காம். கம்ப்யூட்டர்ஸ்.”

“ஆமா சார்.”

“அப்ப இத நீயே பாத்துக்கோ.”

எப்சிபா பார்த்துக்கொண்டாள். முதலில் சாவி, அதாவது ஃபைல் அனுப்புவது யார் என்று சர்வர் அடையாளம் காண்கிற ரகசியக் குறியீடு. இரண்டு சாவி உண்டாக்கி ஒன்றை அவர்களுக்கு அனுப்ப வேண்டும், இன்னொன்றை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. உண்மையில் அனுப்ப வேண்டியது பூட்டு, வைத்துக்கொள்ள வேண்டியதுதான் சாவி. ஆனால் இரண்டையும் சாவி என்றே எழுதியிருந்தார்கள். அவள் காட்டக்கூடாததை அனுப்பிவிட்டாள். நாயுடுபேட்டை ஹெல்ப்டெஸ்க்கில் இருந்த சஞ்சய் என்ற பையன், இதை யாரும் பார்க்கக்கூடாது, நானும் பார்க்கவில்லை, தயவுசெய்து புதிதாக உண்டாக்குங்கள் என்று மரியாதையாகப் பதில் எழுதினான்.

அடுத்தது இணைய முகவரி. எந்த முகவரியிலிருந்து ஃபைல் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேறு முகவரியிலிருந்து வந்தால் அவர்கள் சர்வர் கதவைச் சாத்திவிடும். தொழிற்சாலையின் முகவரியோ கரண்ட் போய் வரும்போதெல்லாம் மாறியது. இணைப்பு கொடுத்தவர் வந்து உட்கார்ந்து, டீ குடித்து, இனி மாறாது என்று சொல்லிவிட்டுப் போனார். கரண்ட் போனது. மாறியது. அவர் மறுபடி வந்தார். மறுபடி டீ குடித்தார். இப்படிச் சில முறை ஆன பிறகு அது ஒரு நாள் நிலையாக நின்றது. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஃபைல் போயிற்று. ஆனால் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சர்வரில் இரண்டு ஃபோல்டர் இருந்தன: ஒன்று இன்பௌண்ட், இன்னொன்று அவுட்பௌண்ட். தன்னிடமிருந்து வெளியே போகிறது என்பதால் எப்சிபா அவுட்பௌண்டில் போட்டிருந்தாள். அது அங்கேயே கிடந்தது. சஞ்சய்க்கு ஃபோன் செய்தாள்.

“அது எங்க பக்கத்துலேருந்து வெச்ச பேர் மேடம். எங்களுக்கு உள்ள வர்றதுதான் இன்பௌண்ட்.”

“எங்க பக்கத்துலேருந்து பாத்தா?”

“உங்க பக்கம்னு சர்வர்ல ஏதும் லேது மேடம்.”

அவள் இன்பௌண்டில் போட்டாள். திரையில் ‘பெறப்பட்டது’ என்று பச்சையில் வந்தது. அறையில் யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வந்தபோது எங்களிடம் சொன்னாள். என்ன சொல்வதென்று தெரியாமல் நாங்கள் ‘ரொம்ப சந்தோஷம்’ என்றோம்.

அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில் மூன்று பேரின் விவரம் கேட்டிருந்தார்கள். தொழில்நுட்பத் தொடர்பு, வணிகத் தொடர்பு, பிரச்சினை மேலே போனால் பேச வேண்டிய தொடர்பு. எப்சிபா முதலாளியிடம் போனாள்.

“என் நம்பர் வேணாம்மா. எனக்கு இப்பவே நெறைய கால் வருது.”

மேனேஜர் மருத்துவ விடுப்பில் இருந்தார். ரோடு அகலப்படுத்தினபோது ஆபீஸ் லேண்ட்லைன் அறுந்துபோயிருந்தது. ஆகவே மூன்று இடத்திலும் தன் பெயர், தன் ஆபீஸ் மெயில், தன் மொபைல் நம்பர் என்று எழுதி அனுப்பினாள்.

முதல் லாரி போனது. ஓட்டியவர் ரங்கையா. குடிபாலா பக்கத்துக்காரர். அவர் அப்பாவுக்கு நிலம் கிடையாது, ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர். ரங்கையா லாரி ஓட்டி இப்போது கொஞ்சம் வேர்க்கடலை போடுகிற அளவுக்கு நிலம் வாங்கியிருக்கிறார். அவர் நாயுடுபேட்டையிலிருந்து கூப்பிட்டார்.

“யம்மா, கேட்டு தொறந்துட்ச்சி. நான் ஹாரன்கூட அடிக்கல.”

ஒரு வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக நடந்ததால் அப்படி ஒன்று நடப்பதே தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது.

பிறகு எப்சிபாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஸ்டீவன், திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். கோயிலில் கலியாண ஓலை வாசித்தார்கள். அவள் வேலையை ராஜினாமா செய்தாள். அவள் இடத்துக்கு அனில் என்று ஒருவன் வந்தான். எல்லாவற்றையும் அவனிடம் விளக்கிச் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் “சரிக்கா” என்றான். கடைசி நாள் மாலை அவள் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் அவளுடைய ஆபீஸ் மெயிலை அழித்துவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் அவ்வளவு சீக்கிரமாக நடந்த வேறு காரியம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

திருப்பதியில் ரேணிகுண்டா ரோடு பக்கம் வீடு. ஒரு நாள் காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

“யம்மா, நான் ரங்கையா. கேட்டாண்ட நின்னுகினு கீறேன். போர்டுல செவப்பா காட்டுது.”

“ரங்கையாண்ணே, நான் வேலைய விட்டுட்டேன். கல்யாணம் ஆயிட்ச்சி.”

“தெரியும்மா. என் பொண்டாட்டி கல்யாணத்துக்கு வந்து துன்னுட்டுகூட வந்துச்சி. ஆனா இங்க போர்டுல ‘தொடர்புக்கு எப்சிபா’ன்னுதான் போட்டுக்கீது. கீழ உன் நம்பரு.”

எப்சிபா கை கழுவிக்கொண்டு அனிலைக் கூப்பிட்டாள். ஃபைல் பெயரில் என்ன போட்டிருக்கிறாய், படி என்றாள். அவன் படித்தான். லாரி நம்பரை, வண்டியில் எழுதியிருக்கிற மாதிரியே, இடைவெளி விட்டு அடித்திருந்தான். ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் அந்தச் சர்வர் எடுக்காது.

“ஸ்பேஸ எடுத்துட்டு திரும்ப அனுப்பு அனில்.”

“சரிக்கா.”

நாயுடுபேட்டையில் கேட் திறந்தது. திருப்பதியில் எப்சிபா மறுபடி தேங்காய் துருவினாள்.

இது பழக்கமாகிவிட்டது. அனில் கெட்ட பையன் இல்லை. ஆனால் இடைவெளி விட்டு எழுதுவதுதான் அழகு என்று எங்கோ கற்றிருந்தான். ரங்கையா மட்டுமல்ல, அவள் பார்த்தேயிராத டிரைவர்களும் கூப்பிட்டார்கள். சிலர் தெலுங்கில், சிலர் தமிழில், சிலர் இரண்டிலும். மளிகைக் கடையில், பஸ்ஸில், ஒரு முறை ஜெப நேரத்தில்.

ஸ்டீவன் ஒரு நாள் சொன்னார்: “அந்த நம்பருங்கள பிளாக் பண்ணிடேன். நீ என்னா அவங்க கம்பெனியா?”

“பண்ணலாம். டிரைவரு வெயில்ல நின்னுகினு இருக்காருங்க. ஃபைல் போகாம உள்ள விடமாட்டாங்க. உள்ள போனாத்தான் குளிக்கறது துன்றது எல்லாம்.”

ஸ்டீவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் ஃபோன் பேசும்போது அடுப்பைக் குறைக்க மட்டும் கற்றுக்கொண்டார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஹெல்ப்டெஸ்க்குக்கு ஃபோன் செய்தாள். சஞ்சய்தான் எடுத்தான்.

“தாராளமா எடுத்துடலாம் மேடம். தொழில்நுட்பத் தொடர்ப மாத்தணும்னா வணிகத் தொடர்பு மெயில்ல சம்மதம் தரணும்.”

“வணிகத் தொடர்பும் நான்தான்.”

“அப்ப நீங்களே மெயில் போட்டுடுங்க.”

“அந்த மெயில அழிச்சிட்டாங்க.”

“வேற மெயில்லேருந்து போட்டா செல்லாது மேடம். பதிவு பண்ணது மட்டுந்தான்.”

“ஓனர் லெட்டர்ஹெட்ல கையெழுத்து போட்டுக் குடுத்தா?”

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. “ஓனர்னு எங்க சிஸ்டத்துல யாரும் இல்ல மேடம். நீங்க மட்டும்தான் இருக்கீங்க.”

சஞ்சய் நல்லவன். இதை இப்படியே விடமாட்டேன், மேலே அனுப்புகிறேன் என்றான். எப்சிபா நன்றி சொல்லி வைத்தாள். அன்று மத்தியானம் வேறொரு நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

“மேடம், உங்க நிறுவனத்துல எப்சிபாங்கறவங்க சம்பந்தமா ஒரு பிரச்சினை மேல வந்திருக்கு. மேல்மட்டத் தொடர்பா உங்க பேர் இருக்கறதால கூப்புடறோம். அவங்கள எடுத்துட உங்களுக்குச் சம்மதமா?”

“சம்மதம்.”

“ரொம்ப நன்றி மேடம். இத மெயில்ல உறுதிப்படுத்தினீங்கன்னா முடிச்சிடலாம்.”

முதலாளிக்கும் ஃபோன் செய்தாள். அவர் விஷயத்தை முழுவதும் கேட்டார். “வண்டி உள்ள போவுதில்ல?” என்றார். போகிறது என்றாள். “அப்புறம் என்னம்மா” என்று வைத்துவிட்டார்.

மாங்காய்க் காலம் மறுபடி வந்தது. திருப்பதி வழியாகத்தான் லாரிகள் காளஹஸ்தி போய் நாயுடுபேட்டை போக வேண்டும். ஒரு நாள் ரங்கையா ரேணிகுண்டா ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, வழி கேட்டுக்கேட்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய மாம்பழம். தொழிற்சாலைப் பழமல்ல, தன் கொல்லையில் ஒரே ஒரு மரம் இருக்கிறது, அதில் பழுத்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எப்சிபா மோர் கொடுத்தாள்.

“அங்க கேட்டுல வாட்ச்மேன் என்ன கேட்டான்மா, யாருபா அது எப்சிபா, ரொம்ப பெரிய ஆபீசரான்னு. ஆமான்னுட்டேன்.”

“ஏண்ணே அப்டி சொன்னீங்க?”

“அப்பால நிழலாண்ட நிறுத்திக்க விட்டான்ல.”

அவர் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எப்சிபா அன்று பூராவும் நல்ல மனநிலையில் இருந்ததாக ஸ்டீவன் சொன்னார்.

சீசன் உச்சத்தில் இருந்தபோது அவள் மொபைலுக்கு ஒரு செய்தி வந்தது. தொழிற்சாலையின் சாவிக்குக் காலம் முடியப்போகிறது. அதற்குள் தொழில்நுட்பத் தொடர்பு புதிய சாவியைப் பதிவு பெற்ற மெயிலிலிருந்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் எந்த ஃபைலும் போகாது. எப்சிபா அதை முதலாளிக்கு அனுப்பினாள். அனிலுக்கும் அனுப்பினாள். முதலாளி கைகூப்புகிற படம் ஒன்று திருப்பி அனுப்பினார். அனில் “சரிக்கா” என்று எழுதினான்.

சாவிக்குக் காலம் முடிந்தது. அன்று காலையில் போன லாரிகள் எல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றன. ஒவ்வொரு டிரைவரும் எப்சிபாவைக் கூப்பிட்டார். அவள் ஒவ்வொருவரிடமும் முதலாளி நம்பரைக் கொடுத்தாள். சிறிது நேரத்தில் முதலாளி கூப்பிட்டார்.

“ஏமம்மா, இங்க மாங்கா மலையா குவிஞ்சி கெடக்கு. அங்க வண்டி நிக்குது. என்ன பண்ணி வெச்சிருக்க?”

“சார், என் பழைய மெயில தொறந்து குடுங்க. இங்கேருந்தே முடிச்சிடறேன்.”

“வேலைல இல்லாதவங்களுக்கு மெயில் குடுக்கக் கூடாதுன்னு ஆடிட்டர் சொல்லிட்டாரே.”

“அப்ப வேலைல சேத்துக்குங்க.”

அவள் சலிப்பில்தான் சொன்னாள்.

“எப்ப வர்ற?” என்றார் முதலாளி.

அடுத்த பஸ்ஸில் ஏறி வந்தாள். நியமன உத்தரவு தயாராக இருந்தது: டிஸ்பாட்ச் உதவியாளர், உடனடியாக வேலையில் சேர வேண்டும். கையெழுத்துப் போட்டாள். அனில் அவளுடைய ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து மெயில் திறந்தான். ஆதாரில் கலியாணத்துக்குப் பிறகு இனிஷியல் ‘ஜே’யிலிருந்து ‘எஸ்’ ஆகியிருந்தது. மெயிலும் ‘எஸ்’ என்று திறந்தது.

“நாயுடுபேட்டைல இருக்கறது ‘ஜே’ அனில். இவ யாருன்னு கேப்பாங்க.”

“அது நீங்கதானேக்கா?”

“எனக்குத் தெரியும்.”

‘ஜே’ என்று திறக்கப் பார்த்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார் என்று மறுத்தது. இருந்தவரை மீட்க முடியுமா என்று இருவரும் தேடினார்கள். கடைசியில் இணைப்பு கொடுத்தவரின் அண்ணன் மகன் ஃபோனிலேயே வழி சொன்னான். பழைய மெயில் பெட்டி உயிரோடு வந்தது. வந்ததும் படிக்காத கடிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழ ஆரம்பித்தன. எல்லாம் அவள் பெயருக்கு வந்தவை. ஃபைல் மறுக்கப்பட்டது, ஃபைல் மறுக்கப்பட்டது, ஃபைல் மறுக்கப்பட்டது. நடுநடுவே, எப்சிபாவை நீக்கச் சம்மதமா என்று எப்சிபாவைக் கேட்டுச் சஞ்சய் எழுதியவை. ஒவ்வொன்றின் கடைசியிலும், நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன் என்று போட்டிருந்தான்.

அவள் புதிய சாவி இரண்டையும் உண்டாக்கினாள். இந்த முறை எதை அனுப்ப வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. பூட்டை அனுப்பினாள். சஞ்சய் அந்தப் பக்கம் தயாராகக் காத்திருந்தான். நின்றுகொண்டிருந்த லாரிகளின் ஃபைல்களை ஒவ்வொன்றாக, இடைவெளி எடுத்து, இன்பௌண்டில் போட்டாள். எல்லாம் பச்சை. வரிசையில் முதலில் நின்ற ரங்கையாவிடமிருந்து ஃபோன் வந்தது. பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரன் சத்தத்தில் அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. நல்ல செய்திதான் என்று தெரிந்தது.

அடுத்தது தொடர்பு மாற்றம். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அனிலைப் பார்த்தாள்.

“அக்கா, என் பேர் போடாதீங்க. பெங்களூர்ல இன்டர்வியூ இருக்கு. நைனாவுக்கே இன்னும் சொல்லல.”

எப்சிபா எழுந்து வெளியே போனாள். முதலாளி களத்தில் நின்று ஒரு டிராக்டர்காரரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். முடிக்கும் வரை காத்திருந்து கேட்டாள்.

“சார், ஒரு விஷயம். இங்க வேலைக்கு வர்றவங்க போயிடறாங்க. எப்பவும் இந்தக் கம்பெனிலயே இருக்கறவங்க யாரு?”

முதலாளி நெஞ்சில் கை வைத்தார். “நான்தாம்மா. என்ன விட்டா இங்க வேற எவன் இருக்கான்?”

“சரி சார்” என்று உள்ளே வந்தாள். மூன்று இடத்திலும் முனிரத்தினம் நாயுடு என்று அடித்து, அவருடைய மெயிலும் மொபைல் நம்பரும் போட்டு, அனுப்பினாள். வணிகத் தொடர்பு என்ற முறையில் தானே சம்மதம் கொடுத்தாள். மேல்மட்டத் தொடர்பு என்ற முறையில் அதை உறுதிப்படுத்தினாள். பிறகு ராஜினாமா எழுதி அனில் மேசையில் வைத்துவிட்டு, திருப்பதி பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு நடந்தது ரங்கையா ஃபோனில் சொல்லித்தான் எப்சிபாவுக்குத் தெரியும். முதல் சில நாட்கள் முதலாளி, இந்த நம்பரை யார் கொடுத்தது என்று டிரைவர்களைத் திட்டினார். போர்டில் இருக்கிறது என்றார்கள். ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிட்டுத் திட்டினார். சஞ்சய் மரியாதையாக, தொடர்பை மாற்றுவதற்கு வணிகத் தொடர்பின் சம்மதம் வேண்டும் என்றான். அதற்கு அடுத்த வாரமே முதலாளி அனில் போதாதென்று டிஸ்பாட்சுக்குக் கல்பனா என்ற பெண்ணையும் வேலைக்கு எடுத்தார். ஃபைல் போனதா என்று தினமும் அவரே நேரில் போய்ப் பார்க்கிறாராம்.

“இப்பல்லாம் கேட்டு சீக்கிரமா தொறக்குதும்மா” என்றார் ரங்கையா. “நாயுடு கத்தறது நாயுடுபேட்ட வரைக்கும் கேக்குது.”

எப்சிபாவின் ஃபோன் அமைதியானது. முதல் சில வாரங்கள், ஃபோன் கெட்டுப்போய்விட்டதோ என்று ஸ்டீவனிடம் தன் நம்பருக்கு அடித்துப் பார்க்கச் சொன்னாள். மழைக்காலம் தொடங்கியபோது வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்கு மனுப் போட்டாள். அங்கே அவளை நேர்காணல் செய்த அம்மா அவளுடைய மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பி.காம். கம்ப்யூட்டர்ஸா? நாங்க ரிப்போர்ட்ட எல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபைலா அனுப்பணும். அந்த செட்டிங்ஸ் எல்லாம் தெரியுமா?”

எப்சிபா கொஞ்சம் யோசித்தாள்.

“தெரியாது மேடம்” என்றாள்.

சொன்னது பொய்தான். அன்று இரவு ஜெபத்தில் அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டதாக எங்கள் கோயில் அறுப்பின் பண்டிகைக்கு வந்தபோது எங்களிடம் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை. எப்படியும் வேலை கிடைத்தது. டோக்கன் கொடுக்கிற கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களுக்கு முதலில் டோக்கன் கொடுப்பதில் அவள் கண்டிப்பு, அதனால் வரிசையில் சண்டை வருவதில்லை என்று நல்ல பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள்.